ஒரு கல்லூரிக்கு ஒரு ஓட்டு

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் என் மாணவர்களுக்கும் சொந்தங்களுக்கும் இதை எழுதுகிறேன்.

அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கம் என்.சி.ஏ.ஏ. 1973 முதல் அதில் மூன்று பிரிவுகள். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. ஆனால் ஜனவரி மாநாட்டில் விதியை மாற்றும்போது, கல்லூரி சிறிதோ பெரிதோ, ஒன்றுக்கு ஒரு ஓட்டு. இரண்டாம் பிரிவிலும் அப்படியே.

பணம் புரளும் முதல் பிரிவு 1997-இல் இந்த முறையைக் கைகழுவி, அதிகாரத்தை ஒரு வாரியத்திடம் கொடுத்தது. அந்த வாரியம் 2014-இல், 16-க்கு 2 என்ற கணக்கில், ஐந்து பெரிய கூட்டமைப்புகளின் 65 பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் தனியே விதி செய்யும் உரிமை தந்தது. அந்தப் பிரிவில் இருப்பவையோ முந்நூறுக்கும் மேல்!

"2011-இல் வீரர்களுக்கு 2,000 டாலர் கூடுதலாகத் தர நினைத்தோம், சிறிய கல்லூரிகள் தடுத்துவிட்டன" என்பது அவர்கள் வாதம். தடுத்தது உண்மைதான். அதற்கு மருந்து, பேசி இணங்க வைப்பது. எதிர்த்தவனின் ஓட்டைச் செல்லாக்காசாக்குவது அல்ல. வரி அதிகம் கட்டுபவருக்குத் தேர்தலில் இரண்டு ஓட்டா கொடுக்கிறோம்?

கட்டணத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். உங்கள் பிள்ளையின் கல்லூரிக்கு ஓட்டு உண்டா, அதை எந்தப் பக்கம் போட்டது என்றும் கேளுங்கள்.