செல்போன் சொல்லும் சரக்கு

மளிகைச் சீட்டு எழுதிக்கொண்டு கடைக்கு வருகிற வழக்கம் அருகி வெகு காலமாகிவிட்டது. இப்போது வாடிக்கையாளர் கையில் சீட்டுக்குப் பதில் செல்போன். திரையை நம் முகத்துக்கு நேரே நீட்டி, "அண்ணாச்சி, இதுல வர்ற சாமான் எல்லாம் வேணும்" என்கிறார்கள். நாம் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் படம் ஓடி முடிந்துவிடுகிறது. மறுபடி போடச் சொன்னால் நடுவில் ஒரு விளம்பரம். பின்னால் நிற்கிற நாலு பேர் முணுமுணுக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் ஒரு விருந்தையே சமைத்து இறக்கிவிடுகிற அந்த நட்சத்திர சமையல்காரருக்கு, கால் கிலோ துவரம் பருப்பு நிறுத்துக் கொடுக்க எத்தனை நேரமாகும் என்பது தெரிய நியாயமில்லை.

சமையல் கலைஞர்கள் மீது நமக்குப் பகை ஏதும் இல்லை. அவர்கள் சமைத்தால்தான் நமக்கும் வியாபாரம். ஆனால் அவர்கள் சரக்குக்குப் பெயர் சொல்லும் விதம் இருக்கிறதே, அதுதான் வில்லங்கம். "காஷ்மீரி மிளகாய் இரண்டு ஸ்பூன்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பாத்திரத்துக்குப் போய்விடுவார். நம் பக்கம் நிறத்துக்காக விற்பது பெரும்பாலும் கர்நாடகத்துப் பேடகி வத்தல்தான். நிறம் தூக்கலாக இருக்கும், காரம் குறைவு. இதை எடுத்துச் சொன்னால், "அது வேணாம், வீடியோவில சொன்னதுதான் வேணும்" என்று அடுத்த கடைக்கு நடக்கிறார்கள். நம் ராமநாதபுரம் குண்டு வத்தல் 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதைக் கேட்டு வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சியா விதை இன்னொரு கதை. அது மெக்சிகோ பக்கத்துச் செடி. நம் சப்ஜா விதை, திருநீற்றுப் பச்சிலை இனம். இரண்டும் தண்ணீரில் ஊறினால் வழவழவென்று ஆகும் என்பதால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு, "போன தடவை வேற மாதிரி இருந்துச்சே" என்று சண்டைக்கு வருகிறார்கள். 2013-ஐ ஐக்கிய நாடுகள் சபை கினோவா ஆண்டு என்றது. 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்றது. இரண்டும் நம் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சாமையும் வரகும் இங்கே விளைந்தவை, கினோவா ஆண்டிஸ் மலைக்காரன். கேட்கிற முகத்தில் தெரிகிற மரியாதை மட்டும் கினோவாவுக்குத்தான் அதிகம்!

இதில் நமக்கு உண்மையான நஷ்டம் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பண்டம் செல்போனில் ஓடுகிற பத்து நாளும் பத்துப் பேர் கேட்பார்கள். ஏஜென்டைப் பிடித்தால் முழுப் பெட்டியாகத்தான் தருவார். பெட்டி வந்து சேரும்போது ஊர் வேறு பலகாரத்துக்குப் போயிருக்கும். மீதிப் பாக்கெட்டுகள் தேதி முடியும் வரை அலமாரியில் தூசி தின்னும். பெரிய அங்காடிகள் காலாவதிச் சரக்கைக் கம்பெனிக்கே திருப்பிவிடுகின்றன. நம்மில் எத்தனை பேருக்கு அந்த வசதி இருக்கிறது?

இது நம்மூர்த் தொல்லை மட்டுமல்ல. இங்கிலாந்தில் டெலியா ஸ்மித் என்ற அம்மையார் தொலைக்காட்சியில் ஒரு சாமானைக் காட்டினால் மறுநாளே கடைகளில் அது தீர்ந்துபோகும். அதற்கு 'டெலியா விளைவு' என்றே பெயர் வைத்தார்கள். ஐஸ்லாந்தில் 2024 ஆகஸ்டில் ஒரு வெள்ளரிக்காய் சாலட் டிக்டாக்கில் பரவி, நாட்டிலேயே வெள்ளரிக்காய்க்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. வெள்ளரிக்காயாவது பரவாயில்லை, மறுவாரம் காய்த்துவிடும்.

என் யோசனை இதுதான். புதுப் பண்டம் கேட்பவரிடம் பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டு வரவழைத்துத் தரலாம். கேட்டவர் நிஜமாகவே சமைக்கப் போகிறாரா என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். ஒரே தெருவில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு பெட்டி எடுத்துப் பிரித்துக்கொள்வதும் நல்லது. அதற்கு நமக்குள் பேச்சுவார்த்தை இருக்க வேண்டும் என்பது தனிப் பிரச்சினை.

சமையல் வீடியோவாவது சரக்கு வாங்க வைக்கிறது. வாட்ஸ்அப் வதந்தி நம் நாணயத்தையே கேட்கிறது. 2016 நவம்பரில், பண மதிப்பிழப்பு அறிவித்த மூன்றாம் நாள், உப்புக்குப் பஞ்சம் என்று வடக்கே ஒரு புரளி கிளம்பியது. உத்தரப் பிரதேசத்திலும் டெல்லியிலும் ஜனங்கள் கடைகளில் முண்டியடித்தார்கள். கிலோ 200 ரூபாய்க்கு மேல் போனதாகச் செய்தி வந்தது. குஜராத்தும் தூத்துக்குடியும் உப்பு விளைவிக்கிற நாட்டில்! தட்டுப்பாடே இல்லை என்று மத்திய உணவு அமைச்சர் சொல்ல வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு, 2017-இல், பிளாஸ்டிக் அரிசி. சோற்றை உருண்டை பிடித்துத் தரையில் அடித்துக் காட்டினார்கள், பந்து போலத் துள்ளியது. சோற்றில் இருக்கிற மாவுச்சத்தின் பசைத்தன்மைக்கு எந்த நல்ல அரிசியும் அப்படித்தான் துள்ளும். போகட்டும், சாதாரண அரிசியை விடப் பிளாஸ்டிக் விலை கூட; கூடின விலைச் சரக்கைக் குறைந்த விலைச் சரக்கில் கலக்க எந்த வியாபாரிக்குப் பைத்தியம்?

அந்தப் புரளி இன்னும் சாகவில்லை. ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் செறிவூட்டிய அரிசி கலந்து வந்தது. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்தது அது. மற்ற அரிசியோடு பார்த்தால் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரியும், சில சமயம் மிதக்கும். உடனே படம் பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். ரேஷன் கடை அரிசியைப் பற்றிய செய்தி நம் கடை மூட்டையின் மீது பழியாக விடிகிறது. கடைக்கு வருகிறவரிடம் கோபப்படாமல் இந்த விவரத்தைச் சொல்லிப் பாருங்கள், பத்தில் எட்டுப் பேர் கேட்டுக்கொள்வார்கள். மீதி இரண்டு பேரிடம் பேச வேண்டாம்.

நட்சத்திரங்கள் செய்யும் விளம்பரத்துக்கும் ஒரு வார்த்தை. 2015 ஜூனில் மேகி நூடுல்ஸைத் திரும்பப் பெற உத்தரவானபோது பாக்கெட்டுகளைக் கட்டி அடுக்கியது நாம். வாங்கியவரின் கேள்விக்குப் பதில் சொன்னதும் நாம். ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது, நவம்பரில் சரக்கு மீண்டும் வந்தது. இடைப்பட்ட மாதங்களின் வியாபாரத்தை நமக்கு யாரும் ஈடு செய்யவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்தில் தோன்றுகிறவருக்கும் 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க வழி செய்திருக்கிறது. நல்லது. நாம் செய்ய வேண்டியது கொள்முதல் பில்லைப் பத்திரப்படுத்துவது. பில் இல்லாத சரக்குக்கு எந்த நட்சத்திரமும் சாட்சி சொல்ல வராது.

எல்லாரையும் ஒரே தராசில் போட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துச் சமையல் குழு ஒன்று, சாமான் ஒவ்வொன்றின் பெயரையும் உரக்கச் சொல்லிச் சமைத்து, ஒரு கோடிக்கு மேல் சந்தாதாரர்களைச் சேர்த்திருக்கிறது. அவர்கள் உரக்கச் சொல்கிற பெயர்களில் பெரும்பாலானவை எந்த மளிகைக் கடையிலும் இருக்கிறவை. அவர்கள் வீடியோவைக் காட்டிச் சாமான் கேட்டால் எனக்குச் சிரமமே கிடையாது.

கடைசியாக நம் வீட்டுச் சங்கதி. வியாபாரிகள் குழு என்று வாட்ஸ்அப்பில் ஆரம்பித்து, அதில் உளுந்து விலை தேடினால் ரோஜாப்பூ காலை வணக்கம் நாற்பதைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. இரட்டை அம்புக்குறி போட்டுப் பலமுறை பகிரப்பட்டதாகக் காட்டும் செய்திகளை நம்மவர்களே தட்டிவிடுகிறார்கள். 2020-இலிருந்து அவற்றை ஒரு தடவைக்கு ஒரு குழுவுக்குத்தான் அனுப்ப முடியும், அப்படியும் ஒவ்வொரு குழுவாகப் பொறுமையாக அனுப்புகிறார்கள். விலைப்பட்டியலுக்கும் சரக்கு இருப்புக்கும் மட்டும் தனிக் குழு ஒன்று, நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி, தொடங்க வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் நான் கேட்கப் போகிறேன். ஆதரிப்பவர்கள் நேரில் வந்து கை தூக்குங்கள். கட்டைவிரல் படம் அனுப்ப வேண்டாம்.