காலடியில் ஒரு காடு

இரவு மணி இரண்டு. கூடாரத்துக்கு வெளியே ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். முகத்தில் வெயில் அடித்தது. அன்று என் முறைக் காவல். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் ஊரைத் தாண்டிக் கூடாரம் போட்டால், துருவக் கரடியை எண்ணி யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஏப்ரல் 20 வாக்கில் தொடங்கி ஏறத்தாழ ஆகஸ்டு 22 வரைக்கும் அங்கே சூரியன் மறைவதில்லை. இருட்டு இல்லை என்றாலும், தூரத்து வெள்ளைப் பாறை ஒவ்வொன்றும் நகர்வது போலவே இருந்தது.

துருவத்தில் நடைபயணம் என்றதும் பலர் பனிவெளியை நினைக்கிறார்கள். கோடையில் அங்கே கால் புதைவது சேற்றிலும் பாசியிலும்தான். அங்குள்ள லாங்இயர்பியன் ஊரில் ஆண்டு முழுக்க மழையும் பனியும் சேர்ந்து 200 மில்லிமீட்டர் அளவில்தான் பெய்கிறது. கணக்குப்படி அது பாலைவனம். ஆனால் தரையோ சொதசொதவென்று கிடக்கிறது. கோடையில் மேல்மண் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் இளகும். அதற்குக் கீழே என்றும் உறைந்த மண். உருகிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கிவிடுகிறது.

ஒருநாள் எங்கள் வழிகாட்டி மண்டியிட்டு, பாசியை விரலால் விலக்கிக் காட்டினார். விரல்நகம் அளவில் இரண்டு வட்ட இலைகள். துருவ வில்லோ. அடிமரம் மண்ணோடு மண்ணாகப் படுத்துக் கிடக்கிறது. உயரம் சில சென்டிமீட்டர். “இதுதான் எங்கள் ஊர்க் காடு, பார்த்து மிதியுங்கள்” என்றார். அதுவரை எத்தனை மரங்களை மிதித்திருப்பேன் என்று நினைத்தபோது மனசு கனத்தது.

அவர் இல்லாமல் நாங்கள் முதல் ஓடையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டோம். பனியாறு உருகி வரும் ஓடை, காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடும்; வெயில் ஏறினால் தொடைக்கு வந்துவிடும். அதனால் விடியற்காலை கணக்கில் கிளப்பிவிடுவார். தண்ணீரில் இறங்கும் முன் ஒவ்வொருவரின் முதுகுப்பையிலும் இடுப்புப் பட்டையைத் தம் கையாலேயே கழற்றிவிடுவார். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ வேண்டுமே. தோளில் துப்பாக்கி இருந்தது. அதை எடுக்கும்படி நேராமல் தூரத்திலேயே கரடியைக் கண்டுகொண்டு வழியை மாற்றுவதுதான் அவருடைய தொழில். 2025 முதல் சட்டமும் அதையே சொல்கிறது: கரடிக்கும் நமக்கும் குறைந்தது 300 மீட்டர் இடைவெளி, மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர்.

செலவு அதிகம் என்று வழிகாட்டியை விட்டுவிட்டுப் போகத் துணிபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆபத்து அவர்களுக்கு மட்டுமா? மனிதர் தவறாக நெருங்கினால் கடைசியில் சுடப்படுவது கரடிதான்.

போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாசியில் பதிந்த தடம் மறைய ஆண்டுகள் ஆகும். கல் இருக்கும் இடத்தில் கல்லின் மேலேயே கால் வையுங்கள்.