அம்மைப்பாலும் கற்றார் கடமையும்

நோய் வந்தபின் மருந்து தேடுதல் மாந்தர் யாவர்க்கும் இயல்பு. வருமுன் தடுக்கும் வழி கைக்கெட்டிய காலத்தும் அதனை ஐயுற்று விலகி நிற்போர் நம்மிடையே இன்றும் உளர். அவரை எள்ளி நகையாடுதல் கற்றவர்க்கு அழகன்று. தம் செயலால் அவர்தம் அச்சத்தைப் போக்குதலே முறையாம். இதற்கு நம் நாட்டு வரலாறே சான்று பகரும்.

தோவாளையின் பிச்சியும் அரளியும் மாலையாகிப் பல தெய்வங்களுக்கு அணியாகின்றன. நாஞ்சில் நாட்டில் அம்மாலை பெறும் தெய்வங்களுள் முத்தாரம்மனும் ஒருத்தி. முத்து என்பது வைசூரிக் கொப்புளத்திற்கு நம் முன்னோர் இட்ட மங்கலப் பெயர். வீடுதோறும் உயிர் கவர்ந்த ஒரு கொடுநோயைப் பெயர் கூறவும் அஞ்சி, தாயென்றழைத்து வணங்கிய மக்கள் எத்துணைத் துயர் உற்றிருத்தல் வேண்டும்!

1796-இல் எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர், பசுவம்மை கண்ட பால்காரப் பெண்ணின் கைக்கொப்புள நீரை ஒரு சிறுவன் கையில் ஏற்றி, வைசூரியைத் தடுக்கும் வழி கண்டார். 1802-இல் அம்முறை இந்தியாவுக்கு வந்தது. நம் மக்கள் அதனை அம்மைப்பால் என்றனர். அக்காலத்தில் தோவாளை திருவிதாங்கூர் நாட்டில் அடங்கியிருந்தது. 1810 முதல் 1815 வரை அந்நாட்டை ஆண்ட கௌரி லக்ஷ்மி பாய் மகாராணியார், பிரஜைகள் அம்மை குத்திக்கொள்ள அஞ்சுதலைக் கண்டு, முதற்கண் அரச குடும்பத்தார்க்கே அதனைக் குத்துவித்தார். 1879-இல்தான் அரசு ஊழியர், மாணவர், சிறையாளர் ஆகியோர்க்கு அது கட்டாயமாயிற்று. முன்மாதிரி முந்தியது, சட்டம் பிந்தியது. இவ்வரிசை நாம் கருதத்தக்கது.

இனி, தடுப்பு மருந்து உடலில் செய்வது யாதெனக் காண்போம். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் காக்கும் வீரன், பகைவனின் சாயலை முன்னரே அறிந்திருப்பின், அவன் தொலைவில் வரும்போதே கதவடைப்பான் அன்றோ? அவ்வாறே நம் குருதியிலுள்ள வெள்ளணுக்கள், தீங்கு செய்யாத வடிவில் நோய்க்கிருமியை ஒருமுறை கண்டு, அதற்கேற்ற எதிர்ப்பொருளை ஆக்கப் பயின்று, அப்பயிற்சியை நினைவில் வைக்கின்றன. மெய்க்கிருமி புகுங்கால் காலந்தாழ்த்தாது எழுகின்றன. குத்தியபின் சிலர்க்கு வரும் சிறு காய்ச்சலும் கைவலியும் பெரும்பாலும் இப்பயிற்சியின் அடையாளமே.

அச்சாயலைக் காட்டும் முறை பலவாம். உயிருடன் வலிகுன்றிய கிருமியைத் தருதல் ஒன்று. தட்டம்மை மருந்தும், காசநோய்க்குரிய பி.சி.ஜி.யும், போலியோ சொட்டு மருந்தும் இவ்வகையின. கொல்லப்பட்ட கிருமியைத் தருதல் மற்றொன்று; இக்காலத்து வெறிநாய்க்கடி ஊசி இவ்வகையது. கிருமி கக்கும் நஞ்சை வலியழித்துத் தருதல் மூன்றாவது. இரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் இதுவே. கிருமியின் ஒரு கூற்றை மட்டும் தருதல் நான்காவது. கல்லீரலைத் தாக்கும் பி வகைக் காமாலைக்கு இவ்வாறு ஈஸ்ட்டில் ஆக்கிய புரதம் தரப்படுகின்றது. கிருமிக்கூற்றை ஆக்கும் குறிப்பை மட்டும் நம் உயிரணுக்களுக்கு அளித்தல் ஐந்தாவது. கோவிட் பெருநோய்க் காலத்தில் உலகம் அறிந்த புதுமுறை அது.

‘நோயே காணாத ஊரில் ஊசி எற்றுக்கு?’ என்பார் உளர். வைசூரி உலகினின்று ஒழிந்தது என 1980-இல் அறிவிக்கப்பட்டபின் அம்மைப்பாலும் நிறுத்தப்பட்டது. பகைவன் மாண்டபின் காவல் வேண்டா. தட்டம்மையோ மாளவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைவர் காப்புற்றாலன்றி அது பரவுதல் நில்லாது. பச்சிளங்குழவியும், நோயெதிர்ப்பு குன்றி ஊசி ஏற்கவியலாதாரும், அண்டை அயலார் பெற்ற காப்பின் நிழலிலேயே வாழ்கின்றனர். இரணஜன்னி ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தொற்றாதாதலின், அதில் தம் காப்பு தமக்கே; ஆயின் தொற்றுநோய்களில் தம் காப்பு பிறர்க்கும் ஆம். எனவே ஊசியை மறுத்தல் தம்மளவில் முடியும் செயலன்று.

2017-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி தொடங்கியபொழுது, வாட்ஸப் வழியே வதந்தி பரவிப் பெற்றோர் பலர் தயங்கினர். குறித்த நாளை நீட்டிக்க நேர்ந்தது. அவ்வதந்தியைக் கைப்பேசியிற் பெற்றவருள் கற்றவரும் இருந்தனர். படித்துணர்ந்து நிறுத்துதற்கு மாறாக, பாராமலே பிறர்க்கு அனுப்பியவர் எத்தனை பேரோ! கல்வியின் பயன் இதுவாமோ?

மாணவ நண்பர்களே, ஐயுறுவோர் கேட்கும் வினாவுக்குப் பொறுமையுடன் விடையளிமின். சிறு காய்ச்சல் வரக்கூடும் என்பதையும், அரிதிற் பெருந்தீங்கு நேர்தலும் உண்டு என்பதையும் மறையாது உரைமின். நோயின் தீங்கு அதனினும் மிகப் பெரிதென்பதையும் உடன் உரைமின். அதற்குமுன், அரண்மனையிலிருந்து தொடங்கிய அவ்வரசியாரைப்போல், உம் வீட்டிலிருந்து தொடங்குமின். தம் மகவுக்கு முதலிற் செய்தவர் சொல்லே அயலார் செவியில் ஏறும்.