வானத்திலிருந்து வந்த மளிகை

1969 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை காலை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ச்சிசன் என்கிற சிற்றூர். வானில் பாய்ந்து வந்த தீப்பந்து ஒன்று துண்டு துண்டாக உடைந்து, கரிய கற்களாக ஊரைச் சுற்றி விழுந்தது. ஒரு கல் கூரையைப் பிய்த்துக்கொண்டு வைக்கோலில் போய் விழுந்தது. மக்கள் பொறுக்கியெடுத்த கற்களின் எடை மொத்தம் சுமார் 100 கிலோ. கிட்டே போனவர்களுக்கு ஸ்பிரிட் வாடை அடித்தது. கார்பன் சேர்மங்கள் நிறைந்த கல் என்பதற்கு மூக்குதான் முதல் சாட்சி!

நேரமும் தோதாக அமைந்தது. நிலவிலிருந்து கல் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதைச் சோதிக்க அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் ஒரு குழு நுட்பமான கருவிகளோடு இருந்தது. அதில் முக்கியமானவர் சிரில் பொன்னம்பெரும. இலங்கையின் காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பட்டம் பெற்று, பிறகு வேதியியலுக்கு வந்தவர். 1970-ல் முடிவு வெளியானது: கல்லுக்குள் அமினோ அமிலங்கள். நம் உடம்பின் புரதங்களெல்லாம் இவற்றைக் கோத்துச் செய்தவைதான்.

பொறுக்கியவர்களின் கைவியர்வை ஒட்டியிருந்தால்? விரல் ரேகையில்கூட அமினோ அமிலம் உண்டு. சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. 1864-ல் பிரான்ஸின் ஒர்கேய் ஊரில் விழுந்த விண்கல் ஒன்றில் எவனோ ஒரு குறும்பன் செடியின் விதையைப் பசை போட்டு ஒட்டிவைக்க, அது அம்பலமாகவே நூறு வருஷம் ஆயிற்று.

மர்ச்சிசன் கல்லைக் காப்பாற்றியது ஒரு வித்தியாசம். இடக்கை, வலக்கை போல, பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. உயிர்கள் புரதம் செய்ய எடுத்துக்கொள்வது இடக்கை வடிவத்தை மட்டும். இந்தக் கல்லிலோ இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன. போதாததற்கு, நம் புரதங்களில் இல்லாத சில வகைகளும் இருந்தன. கைவியர்வையில் இதெல்லாம் வராது.

அதற்காக 'உயிர் விண்ணிலிருந்து வந்தது' என்பது அவசரம். மளிகைக்காரர் பருப்பும் புளியும் வாசலில் வைத்துவிட்டுப் போனால் சாம்பார் ஆகிவிடுமா? அடுப்பும் தண்ணீரும் பூமியுடையவை. சில சாமான்கள் இங்கேயே விளைந்திருக்கவும் கூடும். சில வாயுக்களில் மின்பொறி பாய்ச்சினாலே அமினோ அமிலம் உண்டாகும் என்று 1953-லேயே ஸ்டான்லி மில்லர் செய்து காட்டிவிட்டார்.

2023 செப்டம்பரில் பென்னு என்கிற சிறுகோளிலிருந்தே நாசாவின் விண்கலம் மண் அள்ளி வந்தது. 121.6 கிராம்தான், ஆனால் யார் கையும் படாதது. நம் புரதங்களிலுள்ள 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருப்பதாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டுக்குமான ஐந்து 'எழுத்து' மூலக்கூறுகளும் இருந்தன.

கூடவே ஓர் ஏமாற்றம். மர்ச்சிசன் கல்லின் சில அமிலங்களில் இடக்கை வடிவம் சற்றுக் கூடுதல் என்று பிற்பாடு தெரிந்திருந்தது. உயிருக்கு இடக்கைப் பழக்கத்தைக் கொடுத்ததே விண்கல்தானோ என்று அதனால் ஒரு நம்பிக்கை. பென்னுவின் மண்ணில் இரண்டும் கிட்டத்தட்ட சரிபாதி.