மாத்திரை போதும் என்றால் ஊசி எதற்கு?

பிறந்து ஆறு மாதம் ஆவதற்குள் ஒரு குழந்தைக்குச் சர்க்கரை நோய் வந்தால், அது அனேகமாக முதல் வகை நீரிழிவாக இருக்காது. ஒற்றை மரபணுவில் நேர்ந்த மாற்றமே காரணமாக இருக்கும். மருத்துவ உலகுக்கு இது தெரிந்து ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகின்றன. இருந்தும், சோதனை எதுவும் செய்யாமல் ‘டைப் 1’ என்று எழுதிக்கொடுத்து, காலமெல்லாம் இன்சுலின் ஊசிதான் என்று சொல்லி அனுப்புவது இன்னும் நடக்கிறது. அறியாமை என்று இதை இனியும் மன்னிக்க இயலாது.

1984இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சிஸ் ஆஷ்கிராஃப்ட் ஓர் உண்மையைக் கண்டார். கணையத்தின் பீட்டா செல்களில் பொட்டாசியம் வெளியேறும் நுண்ணிய வாசல்கள் உள்ளன. குளுக்கோஸ் வந்ததும் அவை மூடிக்கொள்கின்றன. அதன் பிறகே இன்சுலின் சுரக்கிறது. எந்த நோயாளிக்கும் உடனடிப் பயன் தராத, சோதனைக்கூடத்துச் சங்கதி. 20 ஆண்டுகள் கழித்து, 2004இல், இங்கிலாந்தில் எக்ஸிட்டர் நகரின் ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லியும் அன்னா குளோயினும் இடம்பெற்ற குழு, பச்சிளங்குழந்தைகளின் நீரிழிவுக்குக் காரணமான மரபணுக்களில் ஒன்றை அடையாளம் காட்டியது. கேசிஎன்ஜே11 என்ற அந்த மரபணு பழுதானால் வாசல் திறந்தே கிடக்கிறது. உள்ளே இன்சுலின் இருக்கிறது, வெளியே வரத்தான் வழியில்லை. அந்த வாசலை மூடவல்ல மருந்தோ ஏற்கெனவே மருந்துக்கடைகளில் இருந்தது: பெரியவர்கள் பல்லாண்டுகளாகச் சாப்பிட்டுவந்த, விலை மலிவான கிளிபென்கிளமைடு வகை மாத்திரை. 2006இல் வெளியான ஆய்வில் 49 பேரில் 44 பேர் இன்சுலினை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாறினார்கள். அவர்களது சர்க்கரைக் கட்டுப்பாடும் முன்பைவிட மேம்பட்டது. அந்த ஆய்வில் மூன்று மாதக் குழந்தையும் இருந்தது, 36 வயதுக்காரரும் இருந்தார். 36 ஆண்டுகள்!

ஊசியின் வலி மட்டுமே பிரச்சினை என்றால் இவ்வளவு கடுமையாக எழுத வேண்டியதில்லை. அதே வாசல்கள் மூளையின் நரம்புச் செல்களிலும் உள்ளன. மரபணு மாற்றம் தீவிரமாக இருந்தால் குழந்தைக்குத் தலை நிற்பதும் உட்காருவதும் பேச்சும் தாமதமாகும், வலிப்பு வரும், தசைகள் தளரும். இன்சுலின் ஊசி இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். மூளையில் திறந்துகிடக்கும் வாசலை அது மூடாது. மாத்திரை முழுமையாக இல்லாவிட்டாலும் ஓரளவு அங்கும் வேலை செய்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு பலன் கிடைக்கிறது. ஆகவே சோதனையைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்தக் குழந்தையின் வளர்ச்சிக்கே இழப்பு. ‘பிறகு பார்க்கலாம்’ என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் உரிமை இல்லை.

பணமில்லை என்ற சமாதானமும் இங்கே எடுபடாது. ஆறு மாதத்துக்குள் நோய் கண்டறியப்பட்டவர் எந்த நாட்டவரானாலும், எக்ஸிட்டர் குழு அறக்கட்டளை நிதியைக் கொண்டு இலவசமாக மரபணுச் சோதனை செய்துவந்திருக்கிறது. மார்பகப் புற்றுநோய் மரபணுக்களுக்கே காப்புரிமை கொண்டாடிய ஓர் அமெரிக்க நிறுவனத்தை 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில்தான் எக்ஸிட்டர் குழுவினர் இலவசமாக வேலை செய்தார்கள். இவர்களுடைய வழிதான் சரியான வழி. அறிவியலாளர்கள் தங்கள் கடமையைச் செய்துவிட்டார்கள். தவறியது அவர்களுக்குப் பிறகான சங்கிலி. காப்புரிமைக் காலம் முடிந்த மாத்திரையில் லாபம் குறைவு என்பதால், அதைப் பற்றி மருத்துவர்களிடம் எடுத்துச் சொல்ல எந்த மருந்து நிறுவனப் பிரதிநிதியும் படியேறி வருவதில்லை.

சென்னையிலேயே மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்தியக் குழந்தைகளிடம் இம்மரபணு மாற்றங்களை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறது. எனவே இது எங்கோ இங்கிலாந்தில் நடக்கும் சமாசாரமும் அல்ல. அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் நலப் பிரிவுகளில் இச்சோதனையைக் கட்டாயமாக்கி, மாதிரியை அனுப்பும் பொறுப்பைச் சுகாதாரத் துறை ஏற்க வேண்டும். இந்நோய் லட்சம் பிறப்புகளில் ஏறத்தாழ ஒன்றுக்கே வருவதால் செலவும் பெரிதல்ல.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எல்லாக் குழந்தைகளுக்கும் மாத்திரை பலிக்காது. வேறு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு ஊசியே தேவைப்படலாம். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் நீங்களாக இன்சுலினை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் ஆறு மாதத்துக்குள் நோய் வந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்று அவருக்கு இரண்டு வயதானாலும் முப்பது வயதானாலும், மரபணுச் சோதனை செய்தாகிவிட்டதா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள்.