ரப்பர் குழாய்க்குப் பணம் யார் கொடுப்பது?

சிங்காநல்லூரிலும் பொள்ளாச்சியிலும் பழைய காரையும் மொப்பெட்டையும் நம்பிப் பிழைக்கும் உழைப்பாளிகள் அநேகர். 2023-ல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025-க்குள் நாடெங்கும் அதுவே பொது வழக்காகிவிட்டது. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து வெடிப்பு விடச் செய்யக்கூடியது. பழைய வண்டிகள் சிலவற்றில் ரப்பர் பாகங்களை மாற்ற நேரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. செலவு சொற்பமாம்! யாருக்குச் சொற்பம்? அன்றாடங்காய்ச்சிக்கா?

ஆகவே குழாயை வீட்டிலேயே மாற்றுகிறோம். மாற்றலாம். ஆனால் என்ஜின் ஆறட்டும். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பீடியும் அடுப்பும் அருகில் கூடாது. தண்ணீர்க் குழாயை வெட்டிச் சொருகுவதும், டேப் சுற்றி ஒப்பேற்றுவதும் உயிருக்கே உலை வைக்கும். பெட்ரோலுக்கென்றே செய்த குழாயும் புதுக் கிளாம்பும் போட்டு, கசிவில்லை என்று பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.

கரும்பு விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கட்டும். அதற்கு நாம் விரோதிகளல்ல. ஆனால் திட்டம் அவர்களுடையது, தண்டம் நம்முடையது என்பது என்ன நியாயம்? எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேண்டும் என்ற மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. மனுதான் தள்ளுபடியாயிற்று, கோரிக்கை அல்ல. குழாய்ச் செலவை எண்ணெய்க் கம்பெனிகளே ஏற்க வேண்டும்!