பாட்டிக்குக் காது நன்றாகக் கேட்கிறது!

மோட்டார் சைக்கிள் வாங்கியவர்கள் முதலில் மாற்ற நினைப்பது எதை? சீட்டு உறையை. அடுத்தது ஹாரனை!

"கம்பெனி ஹாரன் கோழிக்குஞ்சு கத்துவது போல இருக்கிறது. நல்லதாக ஒன்று மாட்ட வேண்டும்" என்று சொல்லாத வண்டிக்காரர் உண்டா? நானும் சொன்னேன். மாட்டியும் விட்டேன். அதனால் ஒரு பாட்டி நடுத்தெருவில் விழுந்தார். அந்தக் கதையை மறைத்துவிட்டு ஹாரனைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஹாரனை மாற்றுவதே தவறு என்று சொல்ல வரவில்லை. மாற்ற வேண்டிய அவசியம் எனக்கு இருந்தது. அதை முதலில் கேளுங்கள்.

டிரைவருக்குக் கேட்கவில்லை

நான் குடியிருப்பது திருச்சி உறையூரில். வேலை துவாக்குடியில். தினமும் தஞ்சாவூர் சாலையில் போய் வருகிறேன்.

ஒரு நாள் மாலை திருவெறும்பூர் அருகே வந்துகொண்டிருந்தேன். எனக்கு வலப்புறம் ஒரு பஸ். ஆள் ஏற்றுவதற்காக அது சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கியது. நான் ஹாரன் அடித்தேன். "கீ... கீ..." என்றது. பஸ்சுக்குள்ளே எஞ்சின் சத்தம், ஜன்னல் கண்ணாடி ஆடும் சத்தம், போதாததற்குச் சினிமாப் பாட்டு. டிரைவர் காதில் எப்படி விழும்? சாலையை விட்டு மண்ணில் இறங்கிப் பிழைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாளே மெக்கானிக்கிடம் போனேன். அவர் நல்ல மனிதர். உடனே புதிய ஹாரனை எடுத்து நீட்டவில்லை. பழையதைக் கழற்றிப் பார்த்தார்.

ஹாரனுக்குள்ளே இருப்பது பெரிய மாயம் அல்ல. ஒரு கம்பிச் சுருள். அதன் எதிரே ஒரு மெல்லிய இரும்புத் தகடு. பட்டனை அழுத்தினால் சுருளில் மின்சாரம் பாய்ந்து அது காந்தமாகிறது. தகட்டை இழுக்கிறது. இழுத்த உடனே உள்ளே இருக்கும் பாயிண்ட் விலகி மின்சாரம் நிற்கிறது. தகடு பழைய இடத்துக்குத் திரும்புகிறது. மறுபடி மின்சாரம், மறுபடி இழுப்பு. ஒரு விநாடிக்குள் இது நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. தகடு அதிர்வதுதான் நமக்குச் சத்தமாகக் கேட்கிறது.

பாயிண்டில் துரு ஏறினாலோ, உள்ளே சேறு புகுந்தாலோ, பேட்டரி இறங்கியிருந்தாலோ சத்தம் குறையும். ஹாரனின் பின்பக்கம் ஒரு சிறிய ஸ்குரூ இருக்கும். அதைக் கொஞ்சம் திருப்பினாலே பல ஹாரன்களுக்குக் குரல் வந்துவிடும். செலவு இல்லாத வைத்தியம்! புதியது வாங்கப் போகிறவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

(இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பழைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் ஹாரனுக்குப் பேட்டரியே கிடையாது. எஞ்சின் ஓட்டத்தில் கிடைக்கும் மின்சாரத்தில்தான் அது கத்தும். வண்டி மெதுவாகப் போனால் முனகும், முறுக்கினால் அலறும். அதற்கும் முன்னால் ரப்பர் உருண்டையைக் கையால் அமுக்கும் "பாம் பாம்" ஹாரன். அதைக் கேட்டு யாரும் மிரண்டதாக நினைவில்லை.)

என் ஹாரனுக்கு வைத்தியம் பலிக்கவில்லை. இரட்டை ஹாரன் வாங்கினேன். ஒன்று கனத்த குரல், மற்றது மெல்லிய குரல். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். கார் வருவது போல இருக்கும்.

ரிலே இல்லாமல் மாட்டாதீர்கள்

இங்கே ஒரு எச்சரிக்கை. பல வீட்டுப் பையன்கள் கடையில் ஹாரனை வாங்கி, பழைய வயரிலேயே சொருகிவிடுகிறார்கள். இது ஆபத்து. வண்டியோடு வந்த சின்ன ஹாரன் இழுப்பது சுமார் 2 அல்லது 3 ஆம்பியர் மின்சாரம். பெரிய ஹாரன்கள் இரண்டு சேர்ந்தால் 8, 10 ஆம்பியர் வரை போகலாம். அந்தப் பாரத்தை மெல்லிய வயரும் கைப்பிடி சுவிட்சும் தாங்குமா? வயர் சூடாகி உருகும். சுவிட்ச் கருகும்.

அதற்குத்தான் ரிலே. ஒரு சிறு பையன் மடைப் பலகையைத் தூக்கினால் வாய்க்கால் நிறையத் தண்ணீர் பாய்கிறதல்லவா? அது போலத்தான். சுவிட்சிலிருந்து வரும் கொஞ்ச மின்சாரம் ரிலேயைத் திறக்கும். பெரிய மின்சாரம் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக நேரே ஹாரனுக்குப் போகும். ரிலேயில் நான்கு கால்கள். 30 என்று எழுதியிருப்பது பேட்டரிக்கு. 87 ஹாரனுக்கு. 85, 86 இரண்டும் சுவிட்ச் பக்கம். பியூஸ் இல்லாமல் மாட்டித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கை ஹாரனுக்குப் போனது

புதிய ஹாரன் மாட்டிய முதல் வாரம் எனக்கு ஒரே குஷி! நெடுஞ்சாலையில் பஸ்சும் லாரியும் எனக்கு வழி விட்டன. திருவெறும்பூர்ப் பயம் போய்விட்டது.

ஆனால் வேறு ஒன்று வந்தது. நான் வேகமாகப் போகத் தொடங்கினேன். அது எனக்கே தெரியவில்லை. பின்னால் உட்கார்ந்து வந்த என் மனைவிதான் சொன்னாள்: "முன்னெல்லாம் யாராவது குறுக்கே வந்தால் பிரேக் போடுவீர்கள். இப்போது ஹாரன் அடிக்கிறீர்கள்."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

ஒரு வியாழக்கிழமை காலை. எங்கள் தெரு நெசவாளர் தெரு. குறுகலானது. தலையில் கீரைக் கூடையுடன் ஒரு பாட்டி நடுத்தெருவில் போய்க்கொண்டிருந்தார். பத்து வருடமாக எங்கள் வீட்டுக்குக் கீரை கொடுப்பவர். எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. பத்தடி பின்னால் வந்து பட்டனை அழுத்தினேன்.

பாட்டி துள்ளினார். கூடை சரிந்தது. அதைப் பிடிக்கப் போய்ப் பக்கத்துச் சாக்கடை ஓரமாக விழுந்தார். முட்டியில் ரத்தம். அரைக்கீரையும் முளைக்கீரையும் சாக்கடையில்.

ஓடிப்போய்த் தூக்கினேன். "பாட்டி, ஹாரன் அடித்தேனே!" என்றேன். எவ்வளவு மடத்தனமான பேச்சு!

பாட்டி கோபப்படவில்லை. "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, தம்பி. காலுதான் சட்டுனு நகர மாட்டேங்குது" என்றார்.

அன்று முழுவதும் ஆபீசில் எனக்கு வேலை ஓடவில்லை.

யோசித்துப் பாருங்கள். தெருவில் நமக்கு வழி விடாதவர்கள் யார்? வயதானவர்கள், தண்ணீர்க் குடம் தூக்கி வருகிறவர்கள், பந்துக்குப் பின்னால் ஓடும் குழந்தைகள், மாடு. இவர்களில் காது கேளாமல் நிற்பவர் எத்தனை பேர்? சத்தத்தைக் கூட்டினால் பாட்டியின் கால் வேகமாக நடக்குமா? திகைத்து நிற்கத்தான் செய்யும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போகிறது. ஹாரன் அடித்துவிட்டு, விலகுகிறார்களா என்று பார்க்கும் அந்த ஒரு விநாடி பிரேக்குக்குச் சேர வேண்டியது.

இன்னொன்று. உங்கள் ஹாரனுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது யாருடைய காது? பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்து வருகிறதே, உங்கள் குழந்தை, அதன் காது! (குழந்தையை அங்கே உட்கார வைப்பதே தவறு. அது வேறு சண்டை.) 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் காது கெடும் என்பது மருத்துவ உலகம் வைத்திருக்கும் கணக்கு. அதற்கு மேல் மூன்று டெசிபல் கூடினால் தாங்கும் நேரம் பாதியாகிவிடும். நாள் முழுவதும் சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துப் போலீஸ்காரரை நினைத்துப் பாருங்கள்.

சட்டமும் சும்மா இல்லை. பல சுரங்களில் மாறி மாறி ஒலிக்கும் ஹாரனும், அளவு மீறி அலறும் ஹாரனும் கூடாது என்று 1989-ம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. மோட்டார் சைக்கிளில் ஏர் ஹாரன் மாட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் 1,000 ரூபாய், மறுபடி அடித்து மாட்டினால் 2,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, ஆபத்து நேரம் தவிர, ஹாரனே அடிக்கக் கூடாது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

மறுபடியும் மெக்கானிக்கிடம்

"கழற்றிவிடுங்கள்" என்றேன்.

"அப்புறம் தஞ்சாவூர் ரோட்டுல என்ன சார் செய்வீங்க?" என்று கேட்டார் மெக்கானிக்.

நியாயமான கேள்வி. அவரே வழியும் சொன்னார். பழைய ஹாரனையும் மறுபடி மாட்டினார். கைப்பிடியில் ஒரு சிறு சுவிட்ச் வைத்தார். ஒரு பக்கம் தள்ளினால் பழைய கோழிக்குஞ்சு. மறு பக்கம் தள்ளினால் பெரிய ஹாரன். ஊருக்குள் கோழிக்குஞ்சு, நெடுஞ்சாலையில் பெரியது. "காசு குடுத்துச் சத்தத்தைக் கூட்டினீங்க, இப்ப காசு குடுத்துக் குறைக்கிறீங்க" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

தெருவில் இப்போது கோழிக்குஞ்சுக்கும் அதிக வேலை இல்லை. பாட்டிக்குப் பின்னால் மெதுவாகப் போகிறேன். திண்ணை வந்ததும் அவரே ஒதுங்கி, "போ தம்பி" என்கிறார். இதற்கு அரை நிமிடம் கூட ஆவதில்லை. எங்கள் வீட்டில் கீரைக்குப் பேரம் பேசுவதையும் நிறுத்திவிட்டோம்.

சென்ற வாரம் என் மகன் அவனுடைய வண்டிக்கு ஏர் ஹாரன் வேண்டும் என்றான். "சிநேகிதர்கள் எல்லாரும் மாட்டியிருக்கிறார்கள், அப்பா!" என்றான்.

"ஒரு நாள் காலையில் பாட்டியின் கூடையை நீ தூக்கிக்கொண்டு நம் தெருவில் நடந்து வா. பிறகு பேசலாம்" என்று சொல்லியிருக்கிறேன். பாட்டியிடமும் கேட்டுவிட்டேன். அவருக்குச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.